மௌனம் மரணமன்று



புதியது ஒன்றைச் சேர்த்தவுடன் பழையதும் சேர்ந்து நின்றுபோவது உலகியலில் புதுமையன்று. ஆழ்துளைக் கிணற்றில் பெரிய மோட்டாரைப் பூட்டியதும் வீட்டு விளக்குகள் மங்குவதை வெள்ளாற்றங்கரைப் பகுதியில் வாழும் நம் பெண்ணாடத்து உழவர்கள் அறிவர். பழைய வண்டிக்குப் புதுச் சக்கரம் மாட்டியதும் அச்சு முனகத் தொடங்குவதை வண்டியோட்டிகள் அறிவர். இதே அனுபவம் இந்நாளில் கணிப்பொறி வழியாக நம் இல்லங்களுக்குள் நுழைந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த கணிப்பொறியைத் திறந்து, அதில் புதிய உறுப்பு ஒன்றைப் பொருத்தி, மூடி, பொத்தானை அழுத்துகிறார்கள். ஒளியில்லை, ஒலியில்லை, விசிறியும் அசையவில்லை. அந்த நிமிடத்தில் அவ்வில்லத்தில் எழும் கலக்கம் இருக்கிறதே, அதுவே இம்மாதம் நம் சிந்தனைக்குரிய பொருள்.

“சாமியாருக்கும் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு?” என்று சிலர் புன்னகைக்கக் கூடும். தொடர்பு உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் ‘விண்டோஸ் 10’ மென்பொருளுக்கு அளித்துவந்த பொதுவான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அதன் பின்னர், பழைய கணிப்பொறி வைத்திருப்போர் பலர் அதைத் தூக்கியெறிய மனமின்றியும், புதியது வாங்கப் பணமின்றியும், சில உறுப்புகளை மட்டும் மாற்றிப் புதுப்பிக்க முற்பட்டுள்ளனர். கல்லூரியில் பயிலும் மகள், இணைய விண்ணப்பம் நிரப்பித் தந்து பிழைக்கும் இளைஞர், கலியாணப் பத்திரிகை அச்சிடும் சிறுகடைக்காரர் என எத்தனை பேருடைய உணவும் படிப்பும் அந்தப் பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கின்றன! அது திடீரென மௌனமாகிவிட்டால், இல்லத்தின் அமைதியும் உடன் குலைந்துவிடுகிறதே.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். மௌனம் மரணமன்று. உறுப்பு மாற்றியபின் எழாத கணிப்பொறிகளில் பலவற்றில் எதுவும் எரிந்துபோயிருப்பதில்லை; ஏதோ ஓர் இணைப்பு விடுபட்டிருக்கும், அல்லது ஏதோ ஓர் ஆபத்தை உணர்ந்து அப்பொறி தன்னைத் தானே காத்துக்கொண்டிருக்கும். இதனை விளங்கிக்கொள்ள, மின்சாரம் உள்ளே பயணம் செய்யும் வழியை நாம் சற்று அறிதல் வேண்டும்.

நம் வீட்டுச் சுவரில் கிடைப்பது 230 வோல்ட் மாறுமின்சாரம். கணிப்பொறியின் நுண்ணிய உறுப்புகள் இதனைத் தாங்கா. ஆகவே எஸ்.எம்.பி.எஸ். எனக் கடைகளில் வழங்கும் இரும்புப் பெட்டி, அம்மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எனும் சிறு அளவுகளாக்கி, நேர்மின்சாரமாக உள்ளே பங்கிட்டுத் தருகிறது. முற்காலத்துக் கணிப்பொறிகளில் நாம் அழுத்தும் சுவிட்சு, வீட்டு விளக்கின் சுவிட்சைப் போல மின்சாரத்தையே நேரடியாகத் திறந்து மூடியது. 1995-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ‘ஏ.டி.எக்ஸ்.’ எனும் புதிய அமைப்பை வெளியிட்டபின் இம்முறை மாறியது. இன்று முகப்பிலுள்ள பொத்தான் மின்சாரத்தைத் திறப்பதில்லை. அது ஒரு விண்ணப்பத்தை மட்டுமே அனுப்புகிறது! பெட்டி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் அளவுள்ள சிறு மின்னோட்டம், கோவிலில் அணையாது எரியும் சிறு விளக்கைப் போல, உள்ளே விழித்திருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டு எனும் தாய்ப்பலகை அவ்விண்ணப்பத்தைப் பெற்று, “எழுந்திரு” என எஸ்.எம்.பி.எஸ்.-க்குச் சொல்கிறது. அது தன் மின்னளவுகள் ஒழுங்காயிருப்பதை உறுதி செய்து, அரை நொடிக்குள் “எல்லாம் நலம்” எனும் குறிப்பைத் திருப்பியனுப்புகிறது. அதன் பின்னரே மூளையாகிய பிராசசர் வேலையைத் தொடங்கும்.

விருத்தாசலத்திற்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதையில் நம் பெண்ணாடம் நிலையம் அமைந்திருப்பதால், இதற்கு உவமை தேடி நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. எஞ்சினில் ஆற்றல் இருந்தாலும், கைகாட்டி இறங்காமல் வண்டி நகருமோ? நகராது. வண்டி நிற்கிறதென்று எஞ்சினைப் பழிப்பவன் அறியாதவன். முன்னே பாதை தெளிவாயில்லை என்பதனாலேயே வண்டி நிறுத்தப்பட்டிருக்கக் கூடும். கணிப்பொறியின் மௌனமும் பெரும்பாலும் இத்தகையதே.

இன்னோர் உவமையும் நம் அண்டையிலேயே கிடைக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது கிடைக்கும் வெண்களிமண்ணைக் கொண்டு வளர்ந்த பீங்கான் தொழில், விருத்தாசலத்திற்குப் பெயர் தேடித் தந்தது. பொம்மைகள் மட்டுமல்ல, மின்கம்பத்தில் வைக்கும் காப்பான்களும், வீடுகளில் மாட்டும் வெள்ளைப் பியூஸ் கட்டைகளும் பீங்கானில் ஆனவையன்றோ! பியூஸ் போய்விட்டால் நாம் சலித்துக்கொள்கிறோம். ஆயினும் அந்த மெல்லிய கம்பி தன்னை எரித்துக்கொண்டதனால்தான் நம் வீடு எரியாமல் தப்பியது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. சிலரோ, அடிக்கடி போகிறதே என்று பருத்த செம்புக்கம்பியைச் சுற்றிவைத்து, காவலனையே கட்டிப்போட்டு விடுகிறார்கள்! எஸ்.எம்.பி.எஸ்.-ஸும் அவ்வாறே ஒரு காவலன். உள்ளே எங்கேனும் மின்சாரம் குறுக்கே பாய்ந்தால், ஒரு கணத்தில் தன்னை அணைத்துக்கொள்ளும். அதனை ஏமாற்றி இயக்க முயல்வது அறிவீனம்.

பீங்கான் உறவு அத்தோடு நிற்கவில்லை. தாய்ப்பலகையை உற்று நோக்கினால், கடுகளவும் எள்ளளவுமான பழுப்பு நிறத் துணுக்குகள் பல ஒட்டியிருக்கக் காணலாம். அவை மின்சாரத்தைச் சற்றே தேக்கிச் சீராக்கித் தரும் பீங்கான் மின்தேக்கிகள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கண்டறியப்பட்ட பேரியம் டைட்டனேட் எனும் பொருளே அவற்றில் பலவற்றிற்கு அடிப்படை. பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், வளைத்தால் வெடித்துவிடும். எனவே புதிய உறுப்பைப் பொருத்தும்போது பலகை வளையுமாறு முரட்டுத்தனமாக அழுத்தினால், இத்துணுக்குகளில் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் கண்டு மின்சாரத்தைக் குறுக்கே பாய விடலாம். சூளையிலிருந்து எடுத்த பாண்டத்தைக் கையாள்வது போலவே பலகையையும் கையாளுதல் வேண்டும்.

இனி, செய்ய வேண்டுவனவற்றை முறையாகக் காண்போம். நற்செய்தியாளரான லூக்காவின் 15-ஆம் அதிகாரத்தில், பத்து வெள்ளிக்காசுகளுள் ஒன்றைத் தொலைத்த பெண்ணைப் பற்றி ஆண்டவர் கூறும் உவமையை நீங்கள் அறிவீர்கள். அவள் அழுது புரளவில்லை. அண்டை வீட்டாரைச் சந்தேகிக்கவில்லை. விளக்கேற்றினாள், வீட்டைப் பெருக்கினாள், கண்டடையும் வரையில் கவனமாகத் தேடினாள். பழுது பார்க்கும் கலை முழுவதும் இம்மூன்று செயல்களில் அடங்கிவிடுகிறது.

முதலாவது, பாதுகாப்பு. சுவரின் சுவிட்சை அணைத்து, கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். பின்னர் முகப்புப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், பலகையில் எஞ்சியிருக்கும் மின்சாரம் வடியும். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் வெறும் இரும்புப் பகுதியைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுதல் நலம். ஒன்றை மட்டும் தாய்மார்கள் கண்டிப்பாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணங்கொண்டும் திறக்கலாகாது. அதனுள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் வரையில் மின்சாரம் தேக்கப்படுகிறது. கம்பியைப் பிடுங்கிய பின்னரும் அது சற்று நேரம் தங்கியிருக்கக் கூடும்.

இரண்டாவது, புறத்தை ஆராய்தல். சுவரிலுள்ள பிளக் பாயின்டில் மின்சாரம் வருகிறதா? அங்கே மேசைவிளக்கு ஒன்றைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். யு.பி.எஸ். விழித்திருக்கிறதா? பெட்டியின் பின்புறம், எஸ்.எம்.பி.எஸ். மீதுள்ள சிறு சுவிட்சு போடப்பட்டிருக்கிறதா? உறுப்பு மாற்றுமுன் நாமே அணைத்துவிட்டு, பின்னர் போட மறந்துவிடுவது அதனைத்தான். மிகப் பழைய பெட்டிகள் சிலவற்றில் 115, 230 எனக் குறித்த சிவப்பு நகர்த்தி ஒன்று இருக்கும். அது நம் நாட்டில் 230-லேயே இருத்தல் வேண்டும். மாற்றினால் பெட்டி வெடித்துப் புகைந்துவிடும்.

மூன்றாவது, மௌனத்தின் வகையை அறிதல். மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் மருந்து எழுதுவதில்லை. காய்ச்சலா, குளிரா, வலியா எனக் கேட்டறிகிறார். கணிப்பொறியின் நோயும் மூவகைப்படும்.

பொத்தானை அழுத்தியும் எவ்வித அசைவும் இல்லையெனில், விண்ணப்பம் போய்ச் சேரவில்லை, அல்லது மின்சாரம் வந்து சேரவில்லை என்று பொருள். தாய்ப்பலகையின் ஓரத்தில் 24 முனைகள் கொண்ட பெரிய இணைப்பு உண்டு. அது கொக்கி விழும் ஓசை கேட்கும் வரையில் இறங்கியிருக்க வேண்டும். பார்வைக்கு உட்கார்ந்தது போலத் தோன்றி, ஒரு நெல் அளவு எழும்பி நின்றாலும் போதும், பொறி எழாது. அதன்பின், முகப்புப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய இரட்டைக் கம்பி, பலகையின் மூலையிலுள்ள உரிய இரண்டு முனைகளில் செருகப்பட்டிருக்கிறதா என நோக்குக. அது ஒரு முனை தள்ளிப்போனாலும் பொத்தான் வெறும் பொம்மையாகிவிடும். எந்த முனைகள் என்பது பலகையோடு வந்த சிறு கையேட்டில் படமாகவே அச்சிடப்பட்டிருக்கும்.

விசிறி ஒருமுறை துள்ளிச் சுழன்று உடனே நின்றுவிடுமானால், காவலன் விழித்துக்கொண்டான் என அறிக. தவறி விழுந்த திருகாணி ஒன்று பலகைக்கு அடியில் கிடக்கிறதா? பலகையைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள் பலகையின் துளைகளுக்கு நேராக மட்டும் இருக்கின்றனவா? துளையற்ற இடத்தில் ஒரு குமிழ் முட்டிக்கொண்டிருந்தால் அதுவே மின்சாரத்தைக் குறுக்கே பாய்ச்சிவிடும். புதிய உறுப்பைக் கழற்றிவிட்டு இயக்கிப் பார்த்தால், குற்றம் அதனிடமா பிறிதிடமா என்பது புலனாகும்.

விசிறிகள் ஓயாது சுழன்றும் திரை மட்டும் இருண்டிருந்தால், அது வேறு நோய். பிராசசருக்கு அருகில் 4 அல்லது 8 முனைகள் கொண்ட தனி இணைப்பு உண்டு. பெரிய இணைப்பைச் செருகிய மகிழ்ச்சியில் பலர் இதனை விட்டுவிடுகின்றனர். ராம் எனும் நினைவுப் பட்டைகளைக் கழற்றி, ஒன்றை மட்டும், இருபுறமும் கொக்கி விழுமாறு நேராக அழுத்திப் பொருத்துக. கிராபிக்ஸ் கார்டு புதிதாகச் சேர்த்திருந்தால், திரையின் கம்பியைப் பழைய இடத்தில் விடாமல் அக்கார்டிலேயே செருக வேண்டும். இன்டெல் பிராசசர்களில் பெயரின் இறுதியில் ‘எஃப்’ எழுத்து உள்ளவை தாமாகத் திரைக்குப் படம் அனுப்ப வல்லவையல்ல. அவற்றிற்குத் தனிக் கார்டு இன்றியமையாதது. ‘டி.டி.ஆர். 5’ வகை நினைவுப் பட்டையைப் புதிதாக மாட்டியபின், முதல்முறை அதனைப் பழக்கிக்கொள்ளப் பலகை சில நிமிடங்கள் கூட எடுத்துக்கொள்வதுண்டு. திரை இருள்கிறதே என்று அதற்குள் அணைப்பதும் போடுவதுமாக அலைக்கழித்தல், உறங்கி எழும் குழந்தையை உலுக்குவது போன்றதாகும்.

இவற்றாலும் பயனில்லையெனில், பலகையிலுள்ள வட்டமான 3 வோல்ட் மின்கலத்தை, கம்பி பிடுங்கிய நிலையில், சில நிமிடங்கள் கழற்றி மீண்டும் பொருத்தினால் பழைய அமைப்புக் குறிப்புகள் அழிந்து பொறி தெளிவு பெறலாம். அதற்கும் எழாவிடில், பலகை, குளிர்விப்பானோடு கூடிய பிராசசர், ஒரே ஒரு நினைவுப் பட்டை, எஸ்.எம்.பி.எஸ். ஆகிய இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை விலக்கிவிட வேண்டும். பிராசசர் தானே படம் அனுப்ப இயலாததாயின் கிராபிக்ஸ் கார்டும் உடனிருக்கட்டும். அடிப்படை எழுந்தபின், ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வருக. எந்த உறுப்பைச் சேர்க்கும்போது பொறி மீண்டும் நிற்கிறதோ, அவ்விடமே ஆராய வேண்டிய இடம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பதே இங்குப் பொன்விதி. மூன்றை ஒருங்கே மாற்றுபவன், பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என அறியமாட்டான்.

இவற்றையெல்லாம் வாங்குவதற்கு முன்னரே எண்ண வேண்டிய இரு கருத்துகள் உள. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அறிவுறுத்துகிறார். கிராபிக்ஸ் கார்டுக்குப் பலகையின் செருகுவாய் 75 வாட் வரையில்தான் தரும். அதற்கு மேல் வேண்டுவதை எஸ்.எம்.பி.எஸ்.-இலிருந்து வரும் தனிக் கம்பி தர வேண்டும். அவ்வகையில் 6 முனைக் கம்பி 75 வாட்டும், 8 முனைக் கம்பி 150 வாட்டும் அளிக்கும் எனும் வரையறை உண்டு. பழைய பெட்டி எத்தனை வாட் தாங்கும் என்று பாராமல் பெரிய கார்டை வாங்குவது, அடித்தளம் பாராமல் மாடி எழுப்புவதே. மேலும், ஒரு நிறுவனத்து எஸ்.எம்.பி.எஸ்.-இன் கழற்றிமாட்டும் கம்பிகளை வேறொன்றில் பொருத்தலாகாது. முனைகள் ஒத்தாற்போலப் பொருந்தும். உள்ளேயுள்ள கம்பி வரிசையோ மாறியிருக்கும். அதனால் உறுப்புகள் கருகியே போகலாம்.

மற்றொன்று, ஒட்டுப் பொருந்துதல். பழைய ஆடையில் கோடித்துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். புதிய பிராசசரைப் பழைய பலகை அடையாளம் அறியாவிடில் இரண்டும் நல்லவையாயிருந்தும் ஒன்றையொன்று பேசா. பலகையின் ‘பயாஸ்’ எனும் அடிப்படை மென்பொருளை முன்கூட்டியே புதுப்பித்துவிட்டு உறுப்பை மாற்றுவதே முறை. இங்கே நம் அண்டையிலுள்ள கோணாங்குப்பத்தையும் அங்கே பெரியநாயகி அன்னைக்குக் கோவில் எழுப்பிய வீரமாமுனிவரையும் நினைவுகூராதிருக்க இயலவில்லை. இத்தாலியில் 1680-ஆம் ஆண்டு பிறந்த அம்முனிவர், தமிழ் எழுத்தில் எகர ஏகாரக் குறில் நெடில் வேற்றுமையையும் ஒகர ஓகார வேற்றுமையையும் தெளிவாகக் காட்டும் சீர்திருத்தத்தைச் செய்தார். எழுத்து முழுவதையும் அவர் புரட்டிப் போடவில்லை. இருப்பதை நன்கு கற்றறிந்தபின், குழப்பம் நேர்ந்த இடத்தில் மட்டும் கை வைத்தார். ஆதலின் அம்மாற்றம் மொழியோடு ஒட்டி நின்றது. புதுப்பித்தல் என்பது அவ்வாறு அமைதல் வேண்டும்.

இவ்வளவும் பொறியைப் பற்றியது. பொறியைச் சூழ நிற்கும் மனிதரைப் பற்றிச் சொல்லாவிடில் நம் பணி முற்றுப்பெறாது.

நாம் அறிந்த ஓர் இல்லம். மகன் பட்டப்படிப்பு முடித்து வேலை கிட்டாமல், வீட்டின் முன்னறையில் கணிப்பொறி ஒன்றை வைத்து, ஊராருக்குக் கல்லூரி விண்ணப்பங்களும் சான்றிதழ் விண்ணப்பங்களும் நிரப்பித் தந்துவந்தான். தாய் மகளிர் குழுவில் பெற்ற கடனைக் கொண்டு புதிய தாய்ப்பலகையும் பிராசசரும் வாங்கப்பட்டன. அவனே பொருத்தினான். பொறி எழவில்லை. விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் வேறிடம் தேடிப் போயினர். கரும்பு வெட்டிவிட்டு மாலையில் வீடு திரும்பிய தந்தை, பிரித்துக் கிடந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, “படிச்சும் உருப்படாதவன்டா நீ, இருந்ததையும் கெடுத்துட்டே” என்றார். சொல் அத்தோடு நிற்கவில்லை. வேலையில்லாத காலமும் உண்ட சோறும் கணக்கிடப்பட்டன. மகன் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் அவன் தாய் நம்மிடம் வந்து, “சாமி, பையன் சோறு தொடல; கூப்பிட்டாலும் பேச மாட்டேங்கிறான்; எனக்குப் பயமாயிருக்குது” என்று கண்ணீர் விட்டார்.

மின்சாதனங்களைப் பழுது பார்ப்பதில் பல்லாண்டு பழகிய பெரியவர் ஒருவர் நம் பங்கில் இருக்கிறார். அவரை அழைத்துக்கொண்டு அவ்வில்லம் சென்றோம். அவர் பொறியைத் தொடவில்லை, இளைஞன் அருகே பாயில் அமர்ந்து, “தம்பி, மூடுறதுக்கு முன்னால கடைசியா எதைத் தொட்டே? நிதானமா யோசிச்சுச் சொல்லு” என்று கேட்டார். அவ்வீட்டில் இரண்டு நாளாக எழுந்த கேள்விகள் யாவும் ‘யார்’ என்பதைப் பற்றியவை. முதன்முறையாக ‘எது’ என்ற கேள்வி அங்கே பிறந்தது. இளைஞன் பேசத் தொடங்கினான். இருவருமாகக் கையேட்டின் படத்தை விரித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டனர். முகப்புப் பொத்தானின் மெல்லிய கம்பி ஒரு முனை தள்ளிச் செருகப்பட்டிருந்தது. அவ்வளவே! பலகை நலமாயிருந்தது, பிராசசர் நலமாயிருந்தது, அழைப்பு மட்டும் போய்ச் சேரவில்லை. இளைஞன் தன் கையாலேயே அதனை மாற்றிச் செருகினான். விசிறி சுழன்றது, திரை ஒளிர்ந்தது.

பொறி எழுந்ததே தவிர, சொல் பட்ட புண் அன்றே ஆறிவிடவில்லை. அத்தந்தை வாய்திறந்து ‘மன்னித்துக்கொள்’ என்று சொன்னாரல்லர். நம் ஊர்த் தந்தையர்க்கு அது எளிதில் வருவதில்லை. மறுநாள் விடியலில் வயலுக்குப் புறப்படுமுன், மகன் எழும் நேரம் வரையில் காத்திருந்து, தேநீரைத் தாமே அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். அதுவும் ஓர் அழைப்பே; அது போய்ச் சேர்ந்ததென அவ்வன்னை நமக்குக் கூறினார்.

பெற்றோரே, பழுதுபட்ட ஒரு பொருளின் விலை சில ஆயிரம் ரூபாய். அதனைக் காரணமாக்கி நாம் வீசும் ஒரு சொல்லின் விலையை யார் கணக்கிட வல்லார்? தேர்வில் தோற்ற நாளிலும், வேலை கிட்டாத காலத்திலும், கையிலெடுத்த காரியம் கெட்டுப்போன பொழுதிலும் இளைஞர் உள்ளம் கண்ணாடியினும் மெல்லியது. பிள்ளை உணவையும் பேச்சையும் விலக்கி ஒடுங்கியிருந்தால், அதனை வீம்பென எண்ணிவிடாதீர்கள். அருகில் அமருங்கள், கேளுங்கள், தேவையெனில் தக்க மருத்துவரிடம் தயக்கமின்றி அழைத்துச் செல்லுங்கள். ‘யார் கெடுத்தது’ என்பதை விடுத்து ‘எது விட்டுப்போயிற்று’ என வினவப் பழகிய இல்லத்தில் பொறியும் பிழைக்கும், பிள்ளையும் பிழைப்பான்.

பிள்ளைகளே, உங்களுக்கும் சில சொற்கள். கணிப்பொறி எழவில்லை என்பதனால் உங்கள் கோப்புகள் அழிந்துவிட்டன என்பதில்லை. அவை தங்கியிருக்கும் வட்டு பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அதனைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் படிக்க இயலும். ஆயினும் புதிய விண்டோஸ் கணிப்பொறிகள் பலவற்றில் வட்டு பூட்டப்பட்டிருப்பதால், பலகையை மாற்றினால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியை அது கேட்கக் கூடும். பெட்டியைத் திறக்குமுன் அச்சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முக்கியக் கோப்புகளை வேறோரிடத்தில் படியெடுத்து வையுங்கள். கழற்றுமுன் உள்ளமைப்பைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னர் எந்தக் கம்பி எங்கிருந்தது என்ற ஐயத்திற்கே இடமிராது. பழுது பார்க்கும் கடையில் ஒப்படைக்க நேர்ந்தால், செய்த மாற்றங்களை ஒளிக்காமல் வரிசையாகச் சொல்லுங்கள். மருத்துவரிடம் மறைத்த நோய் ஆறுவதில்லை.

உங்கள் வயதையொத்த புனிதர் ஒருவரும் உங்களுக்கு வாய்த்திருக்கிறார். 1991-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்து இத்தாலியில் வளர்ந்த கார்லோ அகுத்திஸ், கணிப்பொறிக் கலையைத் தாமே விரும்பிக் கற்று, நற்கருணைப் புதுமைகளைத் திரட்டி இணையத்தில் வெளியிட்டார். 2006-ஆம் ஆண்டில், 15 வயதிலேயே, இரத்தப் புற்றுநோயால் இறைவனடி சேர்ந்த அவரை, திருத்தந்தை 14-ஆம் லியோ 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக அறிவித்தார். கணிப்பொறியின் முன் அமர்வதும் புனிதத்திற்கு ஒரு வழியாகலாம் என்பதை அவர் வாழ்வு எடுத்துரைக்கிறது. விளையாட்டுக்கெனத் தமக்கு வரையறுத்துக்கொண்ட நேரத்தைக் கடவாத கட்டுப்பாடும் அவரிடம் இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

மாற்றிய பழைய உறுப்புகளைக் குப்பைமேட்டில் எறிவதும், செம்புக்காகக் கம்பிகளைக் கொளுத்துவதும் நிலத்தையும் மூச்சையும் நஞ்சாக்கும். மின்னணுக் கழிவுகளை முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்வதற்கென நம் நாட்டில் 2022-இல் இயற்றப்பட்ட விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. தேறிய உறுப்பை வேண்டியவருக்குக் கொடுங்கள். தேறாததை உரிய முறையில் சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். தூக்கியெறியும் மனப்பான்மையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ எனும் சுற்றுமடலில் கண்டித்தார். பொருளை எளிதில் தூக்கியெறியப் பழகிய கை, நாளடைவில் மனிதரையும் அவ்வாறே ஒதுக்கத் துணியும் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, அன்புக்குரியோரே, உங்கள் இல்லத்தில் பொறியொன்று மௌனமாகும் நாளில் பதறாதீர்கள். கம்பியைப் பிடுங்கிவிட்டு, சற்று நீர் அருந்தி, குடும்பமாகச் சிறு செபம் ஒன்றைச் சொல்லிவிட்டு அமருங்கள். கடைசியாகத் தொட்டதை முதலில் ஆராயுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அவ்வேளையில் வீட்டில் மௌனமாகிவிட்ட மனிதர் எவரேனும் இருப்பின், பொறியைத் திறக்குமுன் அவரைப் போய்ப் பாருங்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் என்றும் தங்குவதாக!